முதுகில் கை வைக்கும் முன்

நான் கைரோபிராக்டர், முதுகெலும்பைக் கையால் சரிசெய்கிறவள். கோலாலம்பூரில், செந்தூலில் என் சிகிச்சை நிலையம் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருக்கிறது. கீழே மளிகைக் கடை, பக்கத்தில் மாமாக் உணவகம். மேலே வர 22 படிகள். பதினோராவது படியில் படிக்கட்டு திரும்புகிறது. அங்கே ஒருவர் நின்று மூச்சு விடும் அளவுக்கு இடம் உண்டு. மின்தூக்கி கிடையாது. முதுகு வலியோடு வருகிறவர்களை மாடி ஏற வைக்கலாமா என்று இடம் எடுத்தபோது பலரும் கேட்டார்கள். வாடகை கட்டுப்படியாகிறது என்பதைத் தவிர அன்றைக்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

இன்று இருக்கிறது. படியேறி வருகிறவர்களின் காலடிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறேன். இடுப்பு வலிக்காரரின் காலடி ஒன்று அழுத்தமாகவும் அடுத்தது மெலிந்தும் கேட்கும். முழங்கால் வலிக்காரர் கைப்பிடிக் கம்பியில் பாரத்தைப் போட்டு ஏறுவார், கம்பி அதிரும். சிலருடைய சத்தம் திருப்பத்தில் நின்றுவிடும். பத்து நொடி, இருபது நொடி கழித்து மெல்லத் தொடரும். அப்படி நின்று வருகிறவர் முதுகைக் காட்ட வந்திருந்தாலும், நான் முதலில் விசாரிப்பது அவருடைய நெஞ்சைத்தான்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், வீடு வீடாகச் சமையல் எரிவாயு உருளை கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் அண்ணன். நான் தொழிலுக்கு வந்து இரண்டாவது வருடம் அது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில், கொஞ்சம் இடப்பக்கமாக வலி என்று வந்தார். சட்டையைக் கழற்றியதும் அறை முழுவதும் கோடாலித் தைலத்தின் வாசம். "வாயு பிடித்துக்கொண்டிருக்கிறது தங்கச்சி, ஒரு சொடக்கு எடுத்துவிட்டால் இறங்கிவிடும்" என்றார். நிரப்பிய உருளை ஒன்று ஏறத்தாழ 30 கிலோ எடை இருக்கும். தூக்கினால் வலிக்கிறது, வண்டியில் ஏறி உட்கார்ந்தால் போய்விடுகிறது என்றார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டு வாரம் தசையை இளக்கினேன், முதுகெலும்பைச் சரிசெய்தேன், சுமையைத் தூக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வாரம் அவர் வரவில்லை. அவர் மனைவிதான் தொலைபேசியில் கூப்பிட்டார். மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகவும், இரண்டு ரத்தக்குழாய்களில் ஸ்டென்ட் வைத்திருப்பதாகவும் சொன்னார். சொன்ன நேரத்துக்கு வர முடியாமல் போனதற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னார். அந்த மன்னிப்புதான் என்னைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை.

அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் எனக்குத் தெரிய வேண்டிய எல்லாவற்றையும் அவர் உடம்பு ஏற்கெனவே சொல்லியிருந்தது. தசைப்பிடிப்பு என்றால் ஓரிடத்தில் அழுத்தினால் வலிக்கும், ஒரு பக்கம் திரும்பினால் கூடும், இன்னொரு பக்கம் சாய்ந்தால் குறையும். இதயத்துக்கு ரத்தம் போதாமல் வருகிற வலி பெரும்பாலும் அப்படி நடந்துகொள்வதில்லை. உழைப்பு கூடினால் வரும், நின்றால் சில நிமிடங்களில் அடங்கும். நெஞ்சில்தான் வர வேண்டும் என்பதும் இல்லை. தாடையிலும் இடது தோளிலும் முதுகிலும் மேல்வயிற்றிலும் வரலாம். பெண்களுக்கும் இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்குவதாகவோ, குமட்டலாகவோ, காரணம் தெரியாத களைப்பாகவோகூட வரலாம். என் விரல் பட்ட இடம் எதிலும் அந்த அண்ணனுக்கு வலிக்கவில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் ஒவ்வொரு முறையும் நின்றுதான் வந்தார். உருளையைத் தூக்கித் தூக்கிப் பழகியவர், வெறுங்கையோடு ஏறும்போது ஏன் நிற்கிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கைரோபிராக்டருக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் தொழில் பிறந்த நாளிலேயே அந்தத் தொடர்பு தவறான வழியில் தொடங்கிவிட்டது. 1895-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், டேவன்போர்ட் நகரத்தில், டி.டி. பால்மர் என்பவர் காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்ற தொழிலாளியின் முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்தார். செவி திறந்தது என்று எழுதினார். அதன் பிறகு விரைவிலேயே தம்மிடம் வந்த இதய நோயாளி ஒருவருக்கும் அதே போலச் செய்து குணம் கண்டதாகவும் எழுதினார். காதுக்கும் இதயத்துக்கும் காரணம் ஒன்றுதான், எலும்பு பிசகி நரம்பை அழுத்துகிறது என்று அங்கிருந்து ஒரு பெரிய கொள்கையைக் கட்டினார். அந்தக் கொள்கை இன்றைய உடலியல் அறிவின் முன்னால் நிற்காது. கழுத்தின் முதல் எலும்பைச் சரிசெய்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று 2007-இல் சிகாகோவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதில் பங்கெடுத்தவர்கள் 50 பேர். அத்தனை சிறிய ஆய்வை நம்பி ஒருவருடைய மாத்திரையில் கை வைக்க முடியாது.

ஆனாலும் கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்து முடித்ததும் நான் சில மாதங்கள் வேலை செய்த இடத்தில், நாற்பது முறை சிகிச்சைக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் ரத்தக்கொதிப்பும் இறங்கும் என்று வருகிறவர்களிடம் சொல்லச் சொன்னார்கள். ஒரு மூதாட்டி, பேரன் சேர்த்துக் கொடுத்த பணத்தை உறையில் போட்டுக் கொண்டுவந்தார். அவரிடம் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். மலேசியாவில் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. அதன் கீழ் அங்கீகரிக்கப்பட்ட ஏழு துறைகளில் கைரோபிராக்டிக்கும் ஒன்று. சட்டம் எங்களுக்கு ஒரு நாற்காலி கொடுத்திருக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்வது இரட்டைக் குற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

முதுகெலும்பைத் தட்டி இதயத்தைக் குணப்படுத்த எங்களால் முடியாது. ஆனால் முதுகு வலி என்று எங்களிடம் வருகிறவருடைய இதயத்தைப் பற்றி அவரோடு பேச எங்களுக்குக் கிடைக்கிற வாய்ப்பு பலருக்குக் கிடைப்பதில்லை. அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி எண் வாங்கிக் காத்திருக்கிறவருக்கு மருத்துவர் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? வெளியே கூட்டம் நிற்கிறது. என்னிடம் வருகிறவரோ வாரம் ஒரு முறை அரை மணி நேரம், ஐந்தாறு வாரம் தொடர்ந்து வருகிறார். குப்புறப் படுத்திருக்கும் மனிதர் மனம் விட்டுப் பேசுவார் என்பது இந்தத் தொழிலில் நான் கண்ட உண்மை. எதிரில் முகம் இல்லாததாலோ என்னவோ, எத்தனை சிகரெட் என்பதையும், மாத்திரையை நிறுத்தி எவ்வளவு நாளாகிறது என்பதையும், மகனோடு பேச்சு நின்றுபோனதையும் மேசையின் ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிடுவார்.

அந்தப் பேச்சுக்குள் இருக்கிற ஆபத்தும் சிறியதல்ல. 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக்கொதிப்பு, 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், மூவரில் ஒருவருக்குக் கொழுப்பு. நம்மவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டினருக்கு ஏறத்தாழ 59. ஆறு வருடம் முந்திக்கொள்கிறது. 53 என்பது கடைசிப் பிள்ளை இன்னும் கல்லூரியில் இருக்கிற வயது. புகை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு, இனிப்புநீர், தொப்பை, மனஉளைச்சல், காய்கறி பழம் போதாமை, உடலுழைப்பு இன்மை என்று அந்த ஆய்வு கணக்கெடுத்த காரணங்களில் பெரும்பாலானவை முதுகு வலிக்காரரிடமும் இருக்கின்றன. உட்கார்ந்தே வேலை, பெருத்த இடுப்பு, வலியால் நின்றுபோன நடை, கெட்டுப்போன தூக்கம்.

அதனால் என் அறையில் முதல் வேலை ரத்த அழுத்தம் பார்ப்பது. 22 படி ஏறிவந்த உடனே பார்த்தால் கணக்கு தப்பும். நாற்காலியில் முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி, கால் மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் உட்காரச் சொல்கிறேன். வெறும் கையில் பட்டையைக் கட்டி, அந்தக் கையை இதயத்தின் உயரத்துக்கு மேசை மேல் வைக்கிறேன். அரை மணி நேரத்துக்குள் கோப்பி குடித்திருந்தாலோ புகை பிடித்திருந்தாலோ இன்னும் காத்திருக்கிறோம். பட்டை இறுகும்போது யாரும் பேசக் கூடாது. இதுதான் பெரும்பாடு. கை இறுகுகிற நொடியில்தான் எல்லோருக்கும் ஊர்க்கதை நினைவுக்கு வருகிறது. ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் பார்த்து, இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுக்கிறேன். அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் அன்றைக்குக் கழுத்தில் கை வைப்பதில்லை. கழுத்தைத் திருப்பி எடுக்கும் சொடக்குக்கும் அங்குள்ள ரத்தக்குழாய்ச் சுவர் கிழிவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014-இல் எச்சரித்திருக்கிறது. அரிதாக நடப்பதுதான். ஆனால் அந்த அரிதானது என் மேசையில் நடந்துவிடக் கூடாது.

போன வருடம் ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஈப்போவுக்கும் அலோர் ஸ்டாருக்கும் கொள்கலன் ஓட்டுகிறவர், வயது 49. இடுப்பில் ஆரம்பித்துக் கால் வரை இழுக்கும் வலி. முதல் முறை 168/102, மறுமுறை 166/100. தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். மூன்று வருடத்துக்கு முன்பே அரசாங்க கிளினிக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியிருக்கிறார்.

"அந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்கிறார்களே தங்கச்சி."

சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டை எட்டிப் பார்த்தது. பத்தில் ஏழு குழி காலி. டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. எத்தனை நாளாக என்று கேட்டேன். வண்டி எடுக்கிற நாளெல்லாம் இரண்டு, சில நாள் மூன்று. ஏழெட்டு மாதமாக என்றார். மருத்துவர் எழுதிக் கொடுத்ததல்ல, கூட ஓட்டும் நண்பர் வாங்கிக் கொடுத்தது.

இந்த இடத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்குப் போதாது. அந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அதன் வேலையையும் பாதியில் தடுக்கும். நீண்ட நாள் சாப்பிட்டால் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள வாய்ப்பு கூடும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று நாம் பயப்படுகிற வேலையையும் உண்மையில் செய்வது இவைதான். இதே குடும்பத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப் என்ற மாத்திரையை இதயத்துக்கு ஆபத்து என்று 2004-இல் உலகம் முழுவதும் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று ரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திய மனிதர், சிறுநீரகத்தைக் கெடுக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்கிக்கொண்டிருந்தார். கட்டுப்படாத ரத்தக்கொதிப்பே சிறுநீரகத்தை அரிக்கும் என்று அவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. வலி மாத்திரையைப் பற்றி விசாரிக்க முதுகு வைத்தியரைவிடப் பொருத்தமான ஆள் யார்? வலிக்காகத்தானே அவர் அதைச் சாப்பிடுகிறார்!

ரத்தக்கொதிப்பு மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்றோ நிறுத்துங்கள் என்றோ நான் சொல்வதில்லை. அது மருத்துவரின் வேலை. இரண்டு முறை பார்த்த கணக்கையும் வலி மாத்திரையின் பெயரையும் அளவையும் எழுதி, அவருடைய வீட்டுக்கு அருகில் உள்ள அரசாங்க கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தேன். போனாரா என்று நான்காம் நாள் கூப்பிட்டுக் கேட்டேன். கடிதம் கொடுப்பதைவிட அந்த அழைப்புதான் முக்கியம் என்பது என் அனுபவம். வருமானம் குறைந்த, 40 வயதைத் தாண்டிய குடும்பத்தினருக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. அவர் மனைவிக்கும் அதைச் சொல்லி அனுப்பினேன்.

அடுத்தது நடை. முதுகு வலித்தால் படுத்துக் கிடக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் இன்னும் போகாத நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளியானது. முதுகு வலி வந்து குணமானவர்களில் ஒரு பகுதியினரைப் படிப்படியாக நடக்கப் பழக்கினார்கள். பழகாதவர்களுக்கு வலி திரும்பிய இடைவெளி 112 நாள் என்றால், நடந்தவர்களுக்கு 208 நாள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்பதுதான் அவர்கள் வைத்த இலக்கு. உலக சுகாதார நிறுவனம் இதயத்துக்காகச் சொல்கிற வாரம் 150 நிமிடமும் அதே கணக்குதான். முதுகுக்கு எழுதுகிற மருந்தே நெஞ்சுக்கும் மருந்து. ஆகவே "இதயத்துக்காக நடங்கள்" என்று நான் ஆரம்பிப்பதில்லை. இதயம் அவருக்கு வலிக்கவில்லை, இடுப்புதான் வலிக்கிறது. இடுப்புக்காக நடக்கச் சொன்னால் நடக்கிறார்.

ஓட்டுநரிடம் லண்டன் பஸ் கதையைச் சொன்னேன். 1953-இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், மாடி பஸ்களில் உட்கார்ந்து ஓட்டுகிற ஓட்டுநர்களையும் நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுக்கிற நடத்துநர்களையும் ஒப்பிட்டு எழுதினார். ஒரே பஸ், ஒரே சாலை. மாரடைப்பு ஓட்டுநர்களுக்குத்தான் அதிகம். சேரும்போதே ஓட்டுநர்களின் சீருடைக் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்ததையும் அதே மோரிஸ் பிறகு கண்டுபிடித்தார், எனவே எல்லாப் பழியையும் இருக்கை மேல் போட முடியாது. ஆனாலும் லாரி ஓட்டுநர் அண்ணன் அந்தக் கதையில் ஆழ்ந்துவிட்டார். "அப்படியானால் நான் நடத்துநராகவும் இருக்க வேண்டும்" என்றார். நெடுஞ்சாலை ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் கொள்கலனைச் சுற்றி பத்து சுற்று என்று பேசி முடிவு செய்தோம். வீட்டில் இருக்கிற நாளில் தித்திவங்சா ஏரியைச் சுற்றி நடக்கிறார். காலையில் போனால் மரநிழல் இருக்கும், தரை சமமாக இருக்கும், கால் மரத்தால் உட்கார இருக்கை உண்டு. முதல் வாரம் ஐந்து நிமிடம் நடந்ததே பெரிது. நெஞ்சு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ நிற்க வேண்டும், நின்றும் அடங்காவிட்டால் 999-ஐ அழைக்க வேண்டும், தைலம் தேடக் கூடாது என்பதையும் சொல்லித்தான் அனுப்பினேன்.

சாப்பாட்டில் நான் நிறையப் பேசுவதில்லை. நம் ஆட்களுக்குச் "சோற்றைக் குறை" என்று சொல்லாதவர் கிடையாது. கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே செத்துவிட்டது. ஒருவரிடம் ஒரு சமயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் பிடிப்பேன். ஓட்டுநரிடம் தே தாரிக், அதாவது டின் பால் ஊற்றி நுரைக்க ஆற்றிய தேநீர். ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ். ஒரு கிளாஸுக்கு ஊற்றுகிற இரண்டு மேசைக்கரண்டி டின் பாலில் மட்டும் ஏறத்தாழ 20 கிராம் சீனி இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூன்றாவது கிளாஸிலேயே மேல் எல்லையும் உடைந்துவிடுகிறது. அந்த டின்னில் இருப்பதும் பெரும்பாலும் முழுப் பாலல்ல, செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. இரவு ஓட்டத்தில் அந்தத் தேநீர்க் கடையில்தான் அவருக்கு மனிதர்கள் இருக்கிறார்கள், அங்கேதான் சிரிப்பு இருக்கிறது. போய் உட்காருங்கள், இரண்டு தே தாரிக் குடியுங்கள், மற்றதெல்லாம் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் என்றேன். முதல் வாரம் கசந்தது என்றார். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது.

உப்பை அடுத்த மாதம் எடுத்தோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கிச்சாப் (சோயா சாறு) நான்கையும் ஒரே தட்டில் சேர்க்கக் கூடாது என்பதுதான் வைத்த விதி. ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டி என்று வாயால் சொன்னால் யாருக்கும் உறைக்காது. அவர் மனைவியின் கையில் கரண்டியைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். இடுப்புச் சுற்றளவையும் அப்போதே எடுத்தேன். நம் இனத்து ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது எல்லை. அவருக்கு 104. புகையை அவர் ஏற்கெனவே விட்டிருந்தார். விடாதவர்களை, தனியாகப் போராட விடாமல் அரசாங்க கிளினிக்கின் புகை நிறுத்தும் பிரிவுக்கு அனுப்புகிறேன். சிகரெட் முதுகெலும்பின் வட்டுகளுக்கும் கேடு என்பதால் அந்தப் பேச்சைத் தொடங்க எனக்கு உரிமை இருக்கிறது.

என்னைப் போன்ற தொழிலில் இருக்கிறவர்கள் பலர், இது நம் வேலை இல்லை, எலும்போடு நிறுத்திக்கொள்வோம் என்கிறார்கள். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லை என்பது எதைச் சிகிச்சை செய்கிறோம் என்பதற்குத்தான். எதைக் கவனிக்கிறோம் என்பதற்கு இல்லை. எரிவாயு உருளை அண்ணன் விஷயத்தில் நான் எல்லையைத் தாண்டவில்லை. எலும்போடுதான் நின்றேன்.

ஓட்டுநர் இப்போது மாதம் ஒரு முறை வருகிறார். மருத்துவர் கொடுத்த மாத்திரையை மறுபடியும் தொடங்கிவிட்டார். டைக்ளோஃபெனாக் அட்டை சட்டைப் பையில் இல்லை. இடுப்பு வலி முழுவதும் போகவில்லை, நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு இன்னும் இழுக்கிறது. வீட்டில் ரத்த அழுத்தக் கருவி வாங்கியிருக்கிறார்கள். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகள், கட்டுரை நோட்டின் பின்பக்கத்தில் அப்பாவின் கணக்கைத் தேதி போட்டு எழுதி வருகிறாள். போன தடவை அந்த நோட்டைக் கொண்டுவந்தார். 138, 134, 141 என்று நீல மையில் வரிசையாக இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் 156. பக்கத்தில் சிவப்பில் "முறுக்கு, ஆட்டிறைச்சி, நடக்கவில்லை" என்று எழுதி அடிக்கோடு இட்டிருந்தாள். அதற்கும் மறுநாள் எண்ணுக்குப் பக்கத்தில் "மழை. குடை பிடித்து நடந்தார்" என்று இருந்தது.